ஓட்டத்தோடு வருபவருக்கு வழி

ஆறு, ஏரி, கால்வாய், கழிமுகம் ஆகியவற்றில் செல்லும் கலங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வகுக்கப்பட்டவையே உள்நாட்டு நீர்வழி விதிகள். எதிரே வரும் கலத்துக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது, குறுக்கே வருவதற்கு யார் வழிவிடுவது, இரவில் என்ன விளக்கு ஏற்றுவது, சங்கை எத்தனை முறை ஒலிப்பது என்பதையெல்லாம் அவை சொல்கின்றன. கடலுக்கான விதிகள் உலகம் முழுவதற்கும் ஒன்றே. 1972இல் உருவாகி 1977 ஜூலை 15இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு மோதல் தவிர்ப்பு ஒழுங்குமுறைகள் அவை. ஆனால் அந்த ஒழுங்குமுறைகளின் முதல் விதியே, துறைமுகங்களுக்கும் ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் அந்தந்த நாடு தனி விதி வகுத்துக்கொள்ளலாம் என்று இடம் தருகிறது. அப்படி வகுப்பவை கடல் விதிகளுக்கு இயன்றவரை நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஆற்றுக்கு ஏன் தனி விதி தேவைப்பட்டது என்பதற்கான விடை, பெரும்பாலும் ஓடும் நீரின் இயற்பியலில் இருக்கிறது.

நிற்க முடியாத கலம்

சாலையில் ஓடும் லாரிக்குத் தரையைப் பற்றிக்கொள்ளும் சக்கரம் உண்டு, பிரேக் உண்டு. நீரில் மிதக்கும் கலத்துக்கு இரண்டும் இல்லை. எந்திரத்தை நிறுத்தினாலும் அது தன் வேகத்தில் வழுக்கிக்கொண்டே போகும். சுழல்விசிறியைப் பின்னோக்கிச் சுழற்றினால் வேகம் மெல்லக் குறையும். ஆனால் அப்போது சுக்கானின் பிடி தளர்ந்து, கலம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது நிச்சயமற்றதாகிவிடும்.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் ஓடும் பார்ஜ் தொடர்கள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பார்ஜ் என்பது எந்திரம் இல்லாத, தட்டையான சரக்கு மிதவை. அங்கே வழக்கிலுள்ள ஒரு பார்ஜ் ஏறத்தாழ 59 மீட்டர் நீளமும் 10.7 மீட்டர் அகலமும் கொண்டது. சுமார் 1,360 டன் சரக்கு ஏற்றும். மேல் மிசிசிப்பியில் மூன்று வரிசையில் ஐந்தைந்தாக 15 பார்ஜுகளை இரும்புக் கயிற்றால் இறுகக் கட்டி, பின்னாலிருந்து ஒரே தள்ளுகலம் தள்ளிச் செல்கிறது. முழுத் தொடரும் ஏறக்குறைய 300 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம். சரக்கு மட்டும் 20,000 டன். நீர்ப்பூட்டுகள் இல்லாத கீழ் மிசிசிப்பியில் 30, 40 பார்ஜுகள் கொண்ட தொடர்களும் உண்டு. இவற்றைச் செலுத்துபவர் தொடரின் கடைக்கோடியில் நிற்கிறார். தொடரின் முன்முனை அவருக்குக் கால் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. எந்திரத்தை முழு வேகத்தில் பின்னோக்கி இயக்கினாலும் இத்தகைய தொடர் ஓய்வதற்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடக்கூடும்.

ஓடும் நீரும் சுக்கானும்

சுக்கான் தானாகக் கலத்தைத் திருப்புவதில்லை. அதன் மேல் பாயும் நீரே திருப்புகிறது. அந்தத் திருப்புவிசை, பாயும் நீரின் வேகத்தினுடைய இருமடிக்கு ஏற்பக் கூடும்; நீரின் வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். ஆகவே கலம் தன்னைச் சுற்றியுள்ள நீரைவிட ஓரளவு வேகமாக நகர்ந்தால்தான் சுக்கானுக்குக் கட்டுப்படும்.

அசையாத ஏரியில் இதனால் சிக்கல் இல்லை. ஆற்றில் நீரே நகர்கிறது. ஓர் ஆற்றின் நீரோட்டம் மணிக்கு 7 கிலோமீட்டர் என்றும், ஒரு கலம் சுக்கானுக்குக் கட்டுப்பட நீரைச் சார்ந்து மணிக்கு 7 கிலோமீட்டர் வேகம் தேவை என்றும் கொள்ளலாம். ஓட்டத்தோடு கீழிறங்கும் கலம் கரையைச் சார்ந்து மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அதற்குக் குறைவாகப் போனால் சுக்கான் பிடி போய்விடும். எதிரோட்டத்தில் மேலேறும் அதே கலமோ, நீரைச் சார்ந்து அதே 7 கிலோமீட்டர் வேகத்தில் இயங்கினாலும் கரையைச் சார்ந்து அசையாமல் நிற்கும். அப்படி நிற்கும்போதே அதன் சுக்கான் முழு வலிமையோடு வேலை செய்யும்.

ஒரே ஆறு, ஒரே கலம். ஆனால் போகும் திசையைப் பொறுத்து அதன் திறன் இப்படி மாறிவிடுகிறது. மேலேறுவதால் நின்ற இடத்தில் காத்திருக்க முடியும். கீழிறங்குவதால் முடியாது. ஆற்று விதிகளின் மையக்கருத்து இந்த ஒரே உண்மையிலிருந்து பிறந்தது.

கரைகளும் கலத்தைத் தொந்தரவு செய்கின்றன. கரையை ஒட்டிப் போகும் கலத்துக்கும் கரைக்கும் இடையே நீர் குறுகிய வழியில் விரைந்து பாய்கிறது. நீர் விரையும் இடத்தில் அழுத்தம் குறையும். அதனால் கலத்தின் பின்பகுதி கரையை நோக்கி இழுக்கப்படுகிறது; முன்முனையோ அங்கே குவியும் நீரால் கரையிலிருந்து விலக்கித் தள்ளப்படுகிறது. விளைவாக, கலம் எதிர்பாராமல் ஆற்றின் நடுவை நோக்கித் திரும்பும். மிக அருகில் கடக்கும் இரு கலங்களுக்கு இடையிலும் இத்தகைய விசைகள் எழும். ஆழம் குறைந்த இடத்தில் வேகமாகப் போகும் கலம் நீரில் சற்றுக் கீழே இறங்கும். அந்த இறக்கமும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். நதியில் வேகத்தைக் குறைப்பது நேரம் தருவதோடு, இந்த விசைகளையும் தணிக்கிறது.

தேம்ஸ் கற்பித்த பாடம்

பாய்மரக் காலத்தில் காற்றின் திசையே வழியைத் தீர்மானித்தது. காற்றை நம்பாத நீராவிக் கப்பல்கள் வந்தபின் எழுதப்பட்ட விதிகள் தேவைப்பட்டன. பிரிட்டனில் கலங்கரை விளக்கங்களைப் பராமரித்துவந்த டிரினிட்டி ஹவுஸ் 1840இல், எதிரெதிரே வரும் நீராவிக் கலங்கள் ஒவ்வொன்றும் தன் வலப்புறம் ஒதுங்கி, இடப்பக்கங்கள் ஒன்றையொன்று நோக்கக் கடக்க வேண்டும் என்று அறிவித்தது. 1863இல் பிரிட்டனும் பிரான்சும் இணைந்து வகுத்த விதிகளைப் பிற நாடுகளும் பின்பற்றின.

ஆயினும் லண்டனின் தேம்ஸ் ஆற்றில் பழைய வழக்கம் ஒன்று நீடித்தது. எதிரோட்டத்தில் செல்லும் கலங்கள், ஓட்டம் மந்தமாக உள்ள உள்வளைவைத் தேடி இக்கரைக்கும் அக்கரைக்குமாக மாறி மாறிச் செல்லும். எரிபொருளும் நேரமும் மிச்சமாகும். ஆனால் எந்த வளைவில் எந்தக் கரைக்கு மாறப்போகிறது என்பதை எதிரே வருபவர் ஊகிக்கத்தான் வேண்டும்.

1878 செப்டம்பர் 3 மாலை, உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குத் திரும்பிய பிரின்சஸ் ஆலிஸ் என்ற துடுப்புச்சக்கரக் கலமும், ஓட்டத்தோடு இறங்கிவந்த பைவெல் காசில் என்ற நிலக்கரிக் கப்பலும் டிரிப்காக் முனை அருகே சந்தித்தன. ஒன்று எந்தப் பக்கம் திரும்பும் என்று மற்றது கொண்ட ஊகம் பிழைத்தது. பிரின்சஸ் ஆலிஸ் சில நிமிடங்களில் மூழ்கியது. பயணிகள் விழுந்த அந்தப் பகுதியில்தான் நகரின் கழிவுநீர் ஆற்றில் திறந்துவிடப்பட்டது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிரிட்டனின் உள்நாட்டு நீர்வழிகளில் நிகழ்ந்த மிகப் பெரிய உயிரிழப்பு இது.

1880இல் தேம்ஸுக்கு வகுக்கப்பட்ட விதிகள் இரண்டைத் தெளிவாக்கின. எதிரெதிரே வரும் நீராவிக் கலங்கள் இடப்பக்கம் இடப்பக்கத்தை நோக்கக் கடக்க வேண்டும். டிரிப்காக் உள்ளிட்ட குறிப்பிட்ட முனைகளை எதிரோட்டத்தில் நெருங்கும் கலம், எந்திர வேகத்தைக் குறைத்து, ஓட்டத்தோடு முனையைச் சுற்றிவரும் கலம் கடந்துபோகும்வரை காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் நீண்டகாலம் வெவ்வேறு நீர்நிலைகளுக்கு வெவ்வேறு விதித் தொகுப்புகள் இருந்தன. ஐம்பெரும் ஏரிகளுக்கு 1895ஆம் ஆண்டுச் சட்டம். கடற்கரையை ஒட்டிய உள்நீர்ப் பகுதிகளுக்கு 1897ஆம் ஆண்டுச் சட்டம். மிசிசிப்பியும் துணையாறுகளும் அடங்கிய மேற்கத்திய ஆறுகளுக்கு வேறொன்று. ஒரே பயணத்தில் ஒரு மாலுமி மூன்றையும் நினைவில் வைக்க வேண்டியிருந்தது. 1980ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பலோட்ட விதிகள் சட்டம் இவற்றை ஒன்றாக்கியது. அது 1981 டிசம்பர் 24 முதலும், ஐம்பெரும் ஏரிகளில் 1983 மார்ச் 1 முதலும் நடைமுறைக்கு வந்தது. விதி எண்களும் வரிசையும் பன்னாட்டு விதிகளை ஒட்டியே அமைந்தன. கடல் விதி எங்கே முடிந்து உள்நாட்டு விதி எங்கே தொடங்குகிறது என்பதை வரைபடத்தில் எல்லைக்கோடுகள் காட்டுகின்றன.

மோதல் வருமா என்று அறிதல்

விதிகளின் முதல் கடமை பார்ப்பதும் கேட்பதும். எல்லாக் கலங்களும் எல்லா நேரமும் கண்ணாலும் காதாலும், கைவசமுள்ள பிற கருவிகளாலும் கண்காணிக்க வேண்டும். அடுத்தது பாதுகாப்பான வேகம். அது ஓர் எண் அல்ல. பார்வைத் தொலைவு, போக்குவரத்து நெரிசல், கலத்தின் திரும்பும் திறன், காற்று, நீரோட்டம், ஆழம் ஆகியவற்றை எடைபோட்டு அந்தந்த வேளையில் முடிவு செய்ய வேண்டியது.

மோதும் அபாயத்தை அறிய எளிய வடிவியல் ஒன்று உதவுகிறது. நெருங்கிவரும் கலம் எந்தத் திசையில் தெரிகிறது என்பதைத் திசைகாட்டியால் அளக்க வேண்டும். சற்று நேரம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். தொலைவு குறைந்துகொண்டே வர, திசைக்கோணம் மாறாமலே இருந்தால் இரண்டும் ஒரே புள்ளியை ஒரே நேரத்தில் அடையப்போகின்றன என்று பொருள். கோணம் முன்பக்கம் நகர்ந்தால் அது முன்னால் கடந்துவிடும். பின்பக்கம் நகர்ந்தால் பின்னால் போகும்.

இந்தச் சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. விதியே அதைச் சுட்டுகிறது. மிகப் பெரிய கலத்தையோ நீண்ட பார்ஜ் தொடரையோ நெருங்கும்போது, கோணம் மாறினாலும் அபாயம் இருக்கலாம். தள்ளுகலத்தின் அறையை நோக்கி எடுத்த கோணம் மாறிக்கொண்டிருக்கும். அதற்கு 300 மீட்டர் முன்னால் வரும் பார்ஜின் முனையோ நேராக மோத வரும். வளைந்து செல்லும் ஆற்றில் இரு கலங்களும் திரும்பிக்கொண்டே இருப்பதால் கோணம் இன்னும் குறைவாகவே உதவும். அங்கே நம்ப வேண்டியது ஒப்பந்தத்தை; அதாவது யார் எங்கே, எப்படிக் கடப்பது என்று முன்கூட்டியே பேசி முடிப்பதை.

மூன்று வகைச் சந்திப்புகள்

இரு கலங்கள் சந்திக்கும் விதம் மூன்றே. நேருக்கு நேர் வரும் எந்திரக் கலங்கள் இரண்டும் வலப்புறம் ஒதுங்க வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் சாலையில் இடப்புறம் செல்வதே பழக்கம். நீரில் உலகெங்கும் அடிப்படை விதி வலப்புறம். குறுகிய நீர்வழியில் செல்லும் கலம், எதிரே யாரும் வராவிட்டாலும் தன் வலக்கரையை ஒட்டியே செல்ல வேண்டும்.

குறுக்கே கடக்கும்போது, மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காணும் கலம் வழிவிட வேண்டும். அது மற்றதன் முன்னால் குறுக்கிடாமல், வேகம் குறைத்தோ பின்னால் சுற்றியோ செல்ல வேண்டும். வழிவிடுவதை முன்னதாகவும், எதிரிலிருப்பவர் ஐயமின்றி உணரும் அளவுக்குப் பெரிய திருப்பமாகவும் செய்ய வேண்டும். சின்னச் சின்னத் திருப்பங்களை எதிரே இருப்பவரால் இனங்காண முடியாது. வழி பெறும் கலத்துக்கும் கடமை உண்டு: திசையையும் வேகத்தையும் மாற்றாமல் செல்ல வேண்டும். வழிவிட வேண்டியவர் விடவில்லை என்று தெரிந்தால் அது தானே விலகலாம். மற்றவரின் செயல் மட்டும் மோதலைத் தடுக்காது என்ற நிலை வந்தால் கட்டாயம் விலக வேண்டும்.

முந்திச் செல்லும் கலம் எப்போதும் முந்தப்படுவதற்கு வழிவிட வேண்டும். மற்றதன் பக்கவாட்டுக் கோட்டிலிருந்து 22.5 பாகைக்கு மேல் பின்னாலிருந்து நெருங்குவது முந்துதல் எனப்படும். நெரிசலான நகர ஆறுகளில் இந்த விதி மீறப்பட்டால் விலை பெரிது. 1989 ஆகஸ்ட் 20 அன்று நள்ளிரவு கடந்த வேளையில், தேம்ஸ் ஆற்றில் பவ்பெல் என்ற மணல் அள்ளும் கப்பல், முன்னால் சென்றுகொண்டிருந்த மார்ஷனெஸ் என்ற உல்லாசப் படகின் மீது மோதியதில் 51 பேர் இறந்தனர். 2019 மே 29 இரவு, புடாபெஸ்டில் டான்யூப் ஆற்றின் மார்கரெட் பாலத்தின் கீழ் வைகிங் சிகின் என்ற பெரிய பயணக்கப்பல், ஹாப்லேயான் என்ற சிறு படகை முந்தும்போது மோதியது. சில நொடிகளில் மூழ்கிய படகில் இருந்த 35 பேரில் 7 பேர் மட்டுமே பிழைத்தனர். இரண்டிலும் பின்னால் வந்தது பெரியது. முன்னால் சென்றது சிறியது.

இவற்றுக்கு மேல் ஒரு படிவரிசையும் உண்டு. சாதாரண எந்திரக் கலம் பாய்மரக் கலத்துக்கு வழிவிட வேண்டும். இரண்டும் மீன்பிடிப்பில் ஈடுபட்டுள்ள கலத்துக்கு. இவை எல்லாம் கட்டுப்பாட்டை இழந்த கலத்துக்கும், தூர்வாரல் போன்ற வேலையால் விலக இயலாத கலத்துக்கும். விலகும் திறன் குறையக் குறைய முன்னுரிமை கூடுகிறது. ஆனால் குறுகிய நீர்வழியில் இந்த வரிசை தலைகீழாகலாம். 20 மீட்டருக்குக் குறைந்த கலமும் பாய்மரக் கலமும், அந்த வழியை விட்டால் வேறு ஆழமில்லாத பெரிய கலத்துக்கு இடையூறு செய்யக் கூடாது. சிறிய படகால் கரையோரம் ஒதுங்க முடியும்; பெரியதால் முடியாது. கொள்கை ஒன்றே, இடம் மாறும்போது திறன் குறைந்தவர் யார் என்பது மாறுகிறது.

ஓட்டத்தின் முன்னுரிமை

அமெரிக்க உள்நாட்டு விதிகளில் கடல் விதியிலிருந்து பெரிதும் விலகுவது ஒன்பதாம் விதி. ஐம்பெரும் ஏரிகளின் குறுகிய வழிகளிலும் மேற்கத்திய ஆறுகளிலும், ஓட்டத்தோடு கீழிறங்கும் எந்திரக் கலத்துக்கு மேலேறும் கலத்தைவிட முன்னுரிமை உண்டு. எங்கே, எந்தப் பக்கம் கடப்பது என்பதை முன்மொழிய வேண்டியதும் கீழிறங்குவதே. மேலேறுவது தேவைப்பட்டால் நின்ற இடத்தில் காத்திருக்க வேண்டும்.

ஆற்றை ஊடறுத்துக் கடப்பவருக்கும் தனி விதி உண்டு. கடலில் உள்ளதுபோல, வலப்பக்கத்தில் இருப்பவருக்கு வழி என்ற கணக்கு இங்கே செல்லாது. கரையிலிருந்து கரைக்குக் கடக்கும் எந்திரக் கலம், ஆற்றின் நீளவாக்கில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வழிவிட வேண்டும். கடக்கும் படகு சிறியது, எளிதில் நிற்கக்கூடியது. நெடுக வருவது பெரும்பாலும் கனமானது.

1976 அக்டோபர் 20 அதிகாலை, லூசியானாவில் மிசிசிப்பியைக் கடந்துகொண்டிருந்த ஜார்ஜ் பிரின்ஸ் என்ற வாகனப் படகு, மேலேறி வந்த ஃப்ராஸ்டா என்ற நார்வே எண்ணெய்க் கப்பலின் பாதையில் குறுக்கிட்டது. படகில் இருந்த 96 பேரில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். 78 பேர் இறந்தனர். 18 பேர் பிழைத்தனர். பெரிய கப்பலால் கடைசி நிமிடத்தில் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதையும், கடப்பவரே காத்திருக்க வேண்டும் என்பதன் காரணத்தையும் அந்த விபத்து காட்டுகிறது.

சங்கின் மொழி

குறுஒலி ஏறத்தாழ ஒரு நொடி. நெடுஒலி நான்கு முதல் ஆறு நொடி. இந்த இரண்டே எழுத்துகளால் ஆனது சங்கின் மொழி. ஆனால் ஒரே ஒலிக்குக் கடலிலும் அமெரிக்க உள்நாட்டு நீரிலும் பொருள் வேறு.

கடலில் ஒரு குறுஒலி, 'நான் வலப்புறம் திரும்பிக்கொண்டிருக்கிறேன்' என்ற அறிவிப்பு. மறுமொழி தேவையில்லை. அமெரிக்க உள்நாட்டு நீரில் அதே ஒலி, 'உங்களை என் இடப்பக்கம் விட்டுக் கடக்க எண்ணுகிறேன்' என்ற முன்மொழிவு. இரண்டு குறுஒலி, வலப்பக்கம் விட்டுக் கடக்கும் எண்ணம். கேட்பவர் உடன்பட்டால் அதே ஒலியைத் திருப்பி ஒலிக்க வேண்டும். உடன்பாடு இல்லையென்றாலோ ஐயமிருந்தாலோ குறைந்தது ஐந்து குறுஒலிகளை விரைவாக ஒலிக்க வேண்டும். அது ஆபத்து அறிவிப்பு. ஒன்றுக்கு இரண்டைப் பதிலாகத் தருவது கூடாது. அது மாற்று யோசனை போலத் தோன்றினாலும், இருவரும் வெவ்வேறு எண்ணத்தோடு நெருங்கும் நிலையையே உண்டாக்கும். மூன்று குறுஒலி, எந்திரம் பின்னோக்கி இயங்குகிறது என்பதற்கு. கண்ணுக்கு மறைந்த வளைவை நெருங்கும் கலம் ஒரு நெடுஒலி எழுப்ப வேண்டும். வளைவுக்கு அப்பாலிருந்து கேட்பவர் அதே நெடுஒலியால் பதில் தர வேண்டும்.

கடலில் இடம் அதிகம். ஒருவர் திரும்புவதை மற்றவர் கண்டு தன் வழியைச் சரிசெய்துகொள்ளலாம். ஆற்றில் திரும்பியபின் அறிவிப்பதற்குள் காலம் கடந்துவிடும். ஆகவே செயலுக்கு முன்பே எண்ணத்தைச் சொல்லி, இசைவு பெற்ற பிறகே திரும்ப வேண்டும் என்று விதி அமைந்தது.

வானொலி இந்த உரையாடலை எளிதாக்கியது. 1971 ஜனவரி 18 அன்று மூடுபனியில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வாயிலில் அரிசோனா ஸ்டாண்டர்ட், ஒரேகான் ஸ்டாண்டர்ட் என்ற இரு எண்ணெய்க் கப்பல்கள் மோதின. ஏறத்தாழ 30 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டியது. மோதலுக்கு முன் இரண்டுக்கும் இடையே வானொலித் தொடர்பு ஏற்படவில்லை. அதே ஆண்டு, கலங்களின் செலுத்தறைகள் நேரடியாகப் பேசிக்கொள்வதற்கான வானொலிச் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. இப்போது வி.எச்.எஃப். அலைவரிசை 13இலும், கீழ் மிசிசிப்பியில் 67இலும் மாலுமிகள் பேசி முடிவு செய்கிறார்கள். வானொலியில் உடன்பாடு எட்டினால் சங்கு ஒலிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர்கள் வானொலியில் பேசும்போதும் 'ஒரு சங்கு', 'இரண்டு சங்கு' என்றே கடக்கும் பக்கத்தைக் குறிக்கிறார்கள். உடன்பாடு எட்டாவிட்டால் மீண்டும் சங்குதான்.

இருளில் விளக்கு, பனியில் ஒலி

இரவில் கலத்தின் உருவம் தெரியாது. விளக்குகளே அதன் திசையைச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஒவ்வொன்றும் நேர்முன்னிலிருந்து 112.5 பாகை வரை தெரியும். பின்முனையில் வெள்ளை விளக்கு 135 பாகைக்குத் தெரியும். மூன்றும் சேர்ந்தால் சரியாக 360 பாகை. எந்திரக் கலத்தின் கொடிமர வெள்ளை விளக்கு, இரு பக்க விளக்குகளின் கூட்டு வளைவான 225 பாகைக்கு ஒளிரும்.

இந்தக் கோணங்களும் விதிகளும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு அமைக்கப்பட்டவை. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் நேருக்கு நேர் சந்திப்பு. பின்விளக்கு மட்டும் தெரிந்தால், பார்ப்பவர் மற்றதன் 135 பாகைப் பின்வளைவுக்குள் இருக்கிறார். நெருங்கினால் அது முந்துதல். தன் வலப்பக்கம் மற்றொரு கலத்தின் சிவப்பைக் காண்பவர் வழிவிட வேண்டும்; தன் இடப்பக்கம் பச்சையைக் காண்பவருக்கு வழி உண்டு. நிறமே விடை சொல்லிவிடுகிறது.

பார்ஜ் தொடரைத் தள்ளும் கலத்துக்கு அமெரிக்க உள்நாட்டு விதிகள் தனி அடையாளம் தருகின்றன. தொடரின் முன்முனையில் மஞ்சள் நிறச் சிமிட்டும் விளக்கு; தள்ளுகலத்தின் பின்னால் வெள்ளைக்குப் பதில் மேலும் கீழுமாக இரண்டு மஞ்சள் விளக்குகள். முன்னே சிமிட்டும் மஞ்சளைக் காண்பவர், அதன் பின்னால் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு இருண்ட இரும்பு வருகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

மூடுபனியில் விளக்கும் பயன்படாது. நகரும் எந்திரக் கலம் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நெடுஒலி எழுப்ப வேண்டும். எந்திரம் நின்று மிதப்பது இரண்டு நெடுஒலி. மற்றொன்றை இழுத்தோ தள்ளியோ செல்வது ஒரு நெடுஒலியும் இரண்டு குறுஒலியும். நங்கூரமிட்டது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நொடி மணியடிக்க வேண்டும். யாருக்கு முன்னுரிமை என்ற கணக்கு, கண்ணுக்குத் தெரியும் கலங்களுக்கு மட்டுமே. பனியில் முன்னால் ஒலி கேட்டால், இரு தரப்பும் சுக்கான் பிடிக்கத் தேவையான குறைந்த வேகத்துக்கு இறங்க வேண்டும்.

ரைனின் நீலப்பலகை

ஐரோப்பாவின் ரைன் ஆற்றுக்காக 1815 வியன்னா மாநாட்டில் உருவான ரைன் கப்பல் போக்குவரத்து மத்திய ஆணையம், உலகில் இன்றும் இயங்கும் மிகப் பழைய பன்னாட்டு அமைப்புகளில் ஒன்று. அதன் விதிகளிலும் கீழிறங்கும் கலத்துக்கு மேலேறும் கலம் தகுந்த வழி விட வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் என்பதை அங்கே தீர்மானிப்பது மேலேறுவதே.

காரணம், தேம்ஸில் கண்ட அதே வழக்கம். மேலேறுபவர் ஓட்டம் மந்தமான உள்வளைவை நாடுவார். கீழிறங்குபவர் ஓட்டம் வலுத்த வெளிவளைவில் வருவார். ஆறு வளையும் பக்கத்தைப் பொறுத்து, சில வளைவுகளில் இடப்பக்கம் கடப்பதும் சிலவற்றில் வலப்பக்கம் கடப்பதும் இருவருக்கும் இயல்பு. எப்போதும் இடப்பக்கம்தான் என்று விதித்தால், சில வளைவுகளில் மேலேறுபவர் வலுத்த ஓட்டத்தோடு போராட வேண்டியிருக்கும்; கீழிறங்குபவர் அந்த ஓட்டத்தின் உதவியை இழப்பார். ரைன் விதி அந்த வழக்கத்தைத் தடைசெய்யவில்லை, அதை வெளிப்படையாக்கியது. மேலேறும் கலம் எந்த அடையாளமும் காட்டாவிட்டால் இடப்பக்கம் இடப்பக்கத்தை நோக்கக் கடக்க வேண்டும். வலப்பக்கம் கடக்க விரும்பினால், அது தன் வலப்பக்கத்தில் வெளிர்நீலப் பலகையும் அதன் நடுவே சிமிட்டும் வெள்ளை விளக்கும் காட்டும். கீழிறங்குவது அதே பலகையைக் காட்டி இசைவு சொல்லும். தேம்ஸில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்த பழக்கம், சொல்லிச் செய்யும்போது ரைனில் பாதுகாப்பான முறையாகிவிட்டது. ஐரோப்பாவின் மற்ற உள்நாட்டு நீர்வழிகளுக்கான பொது விதித் தொகுப்பும் இந்த நீலப்பலகையை ஏற்றுள்ளது.

இந்திய நீர்வழிகள்

2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியாவில் தேசிய நீர்வழிகளின் எண்ணிக்கை 111 ஆனது. ஹால்தியாவிலிருந்து பிரயாக்ராஜ் வரை 1,620 கிலோமீட்டர் நீளும் கங்கை வழி முதலாவது. துப்ரியிலிருந்து சதியா வரை 891 கிலோமீட்டர் பிரம்மபுத்திரா இரண்டாவது. சென்னை வழியே செல்லும் பக்கிங்ஹாம் கால்வாய் நான்காவதில் அடங்கும். 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021, பதிவு, தகுதிச் சான்று, விளக்கு, ஒலி, மோதல் தவிர்ப்பு ஆகியவற்றுக்கு நாடு முழுவதும் ஒரே அடிப்படையை ஏற்படுத்தியது.

அந்தச் சட்டத்தின் தேவையை அதே ஆண்டு நிகழ்ந்த ஒரு விபத்து உணர்த்தியது. 2021 செப்டம்பர் 8 அன்று அசாமில் ஜோர்ஹாட்டின் நிமாட்டி படித்துறை அருகே, மாஜுலித் தீவுக்குச் சென்ற படகும் அங்கிருந்து வந்த படகும் மோதின, ஒன்று கவிழ்ந்தது. முந்தைய ஆண்டு ஜூன் 29 அன்று டாக்காவின் புரிகங்கா ஆற்றில் மயூர்-2 என்ற பெரிய பயணக் கலம் மோதி, மார்னிங் பேர்ட் என்ற சிறிய கலம் மூழ்கியதில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். படித்துறைகள் நெருங்கி, சிறியதும் பெரியதும் ஒரே நீரில் கலந்தோடும் தெற்காசிய ஆறுகளில், எழுதிய விதியோடு பயிற்சி பெற்ற செலுத்துநர், எரியும் விளக்கு, இயங்கும் வானொலி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் விதி உயிர் காக்கும்.

விதிக்கு மேல் ஒரு விதி

கடல் விதிகளிலும் அமெரிக்க உள்நாட்டு விதிகளிலும் இரண்டாம் விதி ஒன்றையே சொல்கிறது: விதியைப் பின்பற்றினேன் என்பது கவனக்குறைவுக்குச் சாக்காகாது, உடனடி ஆபத்தைத் தவிர்க்க விதியிலிருந்து விலக வேண்டியிருந்தால் விலகலாம். முன்னுரிமை என்பது உரிமையைவிடப் பொறுப்பாகவே இவ்விதிகளில் பொருள்படுகிறது. கீழிறங்கும் கலத்துக்கு வழி கிடைப்பது அதனால் நிற்க முடியாததால். மேலேறுவது காத்திருப்பது அதனால் முடியும் என்பதால். காத்திருக்க முடிந்தவர் காத்திருப்பதும், எண்ணத்தை முன்கூட்டிச் சொல்வதும், இசைவு கேட்ட பிறகே திரும்புவதும் உள்நாட்டு நீர்வழி விதிகள் அனைத்தின் சாரம்.